ஐந்து பாடம், நான்கு வருஷம்

அமெரிக்க ஹைஸ்கூலில் கணக்கை ஐந்து படிகளாக அடுக்கியிருக்கிறார்கள்: அல்ஜிப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ். படிக்கு ஒரு வருஷம். சில கல்வி மாவட்டங்கள் முதல் மூன்றையும் கலந்து கணக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருக்கும். படிகளின் எண்ணிக்கை மாறாது. ஹைஸ்கூலோ 9 முதல் 12 வரை நான்கு வருஷம்தான். எஞ்சினியரிங் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் வீட்டில் நடக்கிற வாக்குவாதம், பள்ளி ஆலோசகரான கவுன்சிலருக்குப் போகிற மின்னஞ்சல், கோடை வகுப்புக்குக் கட்டுகிற பணம் எல்லாம் இந்த ஒரு கழித்தலில் இருந்துதான் கிளம்புகின்றன: 5 − 4 = 1.

அந்த ஒன்றை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்ட பிள்ளைக்குத் தொல்லை இல்லை. எட்டில் அல்ஜிப்ரா 1, பன்னிரண்டில் கால்குலஸ் என்று வரிசை தானாக அமைந்துவிடும். அப்படி முடிப்பவர்கள் எத்தனை பேர்? மத்தியக் கல்வித் துறை 2015–16 கல்வியாண்டுக்குத் திரட்டிய சிவில் உரிமைத் தரவின்படி, எட்டாம் வகுப்பு உள்ள பள்ளிகளில் 59 சதவீதம் அல்ஜிப்ரா 1 நடத்தின. நாட்டின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் அந்தப் பள்ளிகளில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் 24 சதவீதம். நடுவே இருக்கிற 56 சதவீதம், தன் பள்ளிக்குள்ளேயே நடக்கிற வகுப்புக்கு வெளியே இருந்த பிள்ளைகள்.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் நாட்டின் ஹைஸ்கூல்களில் பாதியில்தான் கால்குலஸ் இருந்தது. பிசிக்ஸ் இருந்தது 60 சதவீதத்தில். 2020–21 தரவில், கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஹைஸ்கூல்களில் 35 சதவீதம் கால்குலஸ் நடத்தின. அவர்கள் குறைவாகப் படிக்கும் ஹைஸ்கூல்களில் 54 சதவீதம். 2019-இல் ஹைஸ்கூல் முடித்தவர்களின் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துப் பார்த்தபோது கால்குலஸ் முடித்திருந்தவர்கள் சுமார் 16 சதவீதம் பேர். ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொண்டது என் மகளால். கலிபோர்னியாவில் அவள் ஐந்தாம் வகுப்பை முடிக்கிற நேரத்தில் பையில் அரைப் பக்கக் காகிதம் ஒன்று வந்தது. அடுத்த வருஷம் எந்தக் கணக்கு வகுப்பு என்பதற்கான பரிந்துரை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான் வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற காகிதம் பத்தாம் வகுப்பு முடிந்துதான் வரும். மார்க் ஷீட்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்தது, கிடைக்கவில்லை என்பது அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கிடைக்காதவர் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற மாற்று வழியும் அதே தெருவில் யாராவது ஒருவர் வாயில் இருக்கும். இங்கே குரூப் என்ற சொல்லே கிடையாது. வாசல் பதினொரு வயதில் சத்தமில்லாமல் பாதி சாத்தப்படுகிறது. எனக்கு அது புரிந்தபோது அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள், அல்ஜிப்ராவுக்கு ஒரு படி கீழே.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உள்ளே படிக்கும் இரண்டு மணி நேரம், வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பெற்றோர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். மேலே 1 என்று எழுதி வட்டம் போடுவேன். அந்த ஒரு படியை எங்கே, எத்தனை மணி நேரத்தில், என்ன விலைக்கு வாங்குவது என்பதே மிச்சப் பக்கம்.

முதலில் அந்த ஒன்றின் எடை என்ன என்று பார்ப்போம். பள்ளி நாள் 180, பீரியட் 50 நிமிடம்: 9,000 நிமிடம், அதாவது 150 மணி. வீட்டுப்பாடம் நாளுக்கு அரை மணி என்றால் இன்னும் 90. ஆக 240 மணி நேரம், 36 வாரத்துக்குப் பரப்பினால் வாரம் ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டது என்று கலங்கி வருகிற அப்பா, அம்மாவிடம் நான் முதலில் சொல்வது இந்த 240-ஐத்தான். தொலைந்தது புத்தியோ தகுதியோ இல்லை, 240 மணி நேர வேலை. அளந்துவிட்டால் பயம் பாதியாகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காசே செலவாகாத வழியை முதலில் எழுத வேண்டும், ஆனால் அதைத்தான் யாரும் முதலில் தேடுவதில்லை. கலிபோர்னியாவில் 2015-இல் கணக்கு வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்று வந்தது. எஸ்பி 359 என்று எண். 2016–17 பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை எந்தக் கணக்கு வகுப்பில் போடுவது என்பதற்கு எழுத்து மூலமான, நியாயமான, வெளிப்படையான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றது. ஒரே ஓர் அளவுகோலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பல புறநிலை அளவுகோல்கள் வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது ஒதுக்கீடு சரிதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். கேள்வி கேட்கும் பெற்றோருக்குத் தெளிவான, தாமதமில்லாத முறையீட்டு வழி இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுத் தரவை ஆராய வேண்டும். தகுதி இருந்தும் கீழ்ப் படியில் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் அதிகம் என்ற கவலை இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

என் நோட்டில் இந்தப் பாதைக்கு நேரே விலை 0 டாலர். நேரம்: ஒரு கடிதம், ஒரு சந்திப்பு, ஒரு பரீட்சை. பல பள்ளிகள் பயன்படுத்தும் எம்டிடிபி என்ற கணக்குக் கண்டறியும் தேர்வு, கலிபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் சேர்ந்து 1977 முதல் நடத்திவருவது. கலிபோர்னியா ஆசிரியர்களுக்கு இலவசம். கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம், மூன்று எண்கள் போதும் என்று சொல்வேன்: கடைசி இரண்டு வருஷ மாநிலத் தேர்வு மதிப்பெண், வகுப்பு கிரேடு, கண்டறியும் தேர்வு மதிப்பெண். காலக்கெடுதான் முக்கியம். பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்தால், அந்த முதல் மாதம் செப்டம்பர் நடுவில் முடிந்துவிடும். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற நேரத்தில் போய்க் கேட்டால் வகுப்பில் இடம் இல்லை என்ற பதில் வரும்.

கேட்காமலே கொடுக்கிற மாநிலங்களும் இருக்கின்றன. வட கரோலினாவில் 2018-இல் வந்த சட்டப்படி, மாநிலக் கணக்குத் தேர்வில் உச்ச நிலை எடுத்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு மேல்நிலைக் கணக்கு வகுப்பு கொடுத்தாக வேண்டும். டெக்சாஸ் 2023-இல் இயற்றிய சட்டம், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணக்கில் தானாகவே சேர்க்கச் சொல்கிறது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது என்ற ஒரு மாற்றம்தான். என்னைப் போல் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோ வேறு திசையில் போனது. 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜிப்ராவை எல்லோருக்குமே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்பதில் சேர்ந்து தொடங்கினால் ஏற்றத்தாழ்வு குறையும் என்பது நோக்கம். நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 5 − 4 மாறவில்லை. வசதி இருந்த வீடுகள் அந்த ஒன்றைப் பள்ளிக்கு வெளியே வாங்கின, இல்லாத வீடுகள் வாங்கவில்லை. 2024 பிப்ரவரியில் கல்வி வாரியம் எட்டாம் வகுப்பு அல்ஜிப்ராவைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. மார்ச்சில் நடந்த, கட்டாயப்படுத்தாத மக்கள் வாக்கெடுப்பிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது.

கடிதம் பலிக்கவில்லை, பிள்ளை ஒன்பதில் அல்ஜிப்ரா 1 எடுத்துக்கொண்டிருக்கிறது. இனி என்ன?

பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜிப்ரா 2-ஐயும் ஒன்றாக எடுக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு முன்நிபந்தனையாக இருக்க வேண்டிய பாட அவசியம் பெரிதாக இல்லை; அனுமதி கேட்க வேண்டியது பள்ளியிடம். இதற்கும் விலை 0 டாலர். செலவாவது இடம். நாளுக்கு 6 பீரியட் என்றால் நான்கு வருஷத்துக்கு 24 இடங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கேட்பது 15 ஒருவருஷப் பாடங்கள், உடற்கல்விக்கு 2, மிச்சம் 7. மூன்றாவது சயின்ஸ், கம்ப்யூட்டர், இசை எல்லாம் அந்த ஏழுக்குள் அடிதடி. என் மகள் எடுத்தது இந்தப் பாதைதான். நான்காம் வகுப்பிலிருந்து பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துவந்த வயலினைப் பத்தாம் வகுப்பில் விட்டாள். நோட்டில் அவள் பக்கத்தில் டாலர் பத்தியில் பூஜ்ஜியம் இருக்கிறது. பக்கத்தில் வயலின் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கோடையில் ஒரு படியை முடிப்பது அடுத்தது. இதில் எந்தப் படியை முடிப்பது என்பதில்தான் நிறைய வீடுகள் தவறுகின்றன. ஜியோமெட்ரியை எடுக்காமல் தாண்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதை ஏற்காது. அல்ஜிப்ரா 2-இல் சி அல்லது அதற்கு மேல் எடுத்தால் அல்ஜிப்ரா 1-இன் குறை அடைபடும், ஜியோமெட்ரியின் குறை அடைபடாது. ஆகவே ஜியோமெட்ரியைக் கோடைக்குத் தள்ளுங்கள் என்பது என் கருத்து. 150 மணி நேரத்தை 6 வாரத்தில் வைத்தால் நாளுக்கு 5 மணி. கடினம்தான், முடியும். அல்ஜிப்ரா 2-ஐ அந்த ஆறு வாரத்துக்குள் திணிக்காதீர்கள். சார்புகள், லாகரிதம், முக்கோணவியலின் தொடக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கால்குலஸில் பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் கால்குலஸில் இல்லை, அதற்குள் வருகிற அல்ஜிப்ராவில்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோனர்ட்டும் 133 கல்லூரிகளில் 6,207 மாணவர்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. கல்லூரிக் கால்குலஸில் ஒரு மாணவர் எப்படிச் செய்கிறார் என்பதில், ஹைஸ்கூலில் கால்குலஸ் எடுத்தாரா என்பதைவிட, அதற்கு முந்தைய அல்ஜிப்ரா, ஜியோமெட்ரி, பிரீகால்குலஸ் எவ்வளவு உறுதியாக இருந்தன என்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் பங்கு இருந்தது. ஹைஸ்கூல் கால்குலஸும் உதவியது, ஆனால் அடுத்தபடியாக. ஒரு படியைத் தாவ வைப்பதற்காக அஸ்திவாரத்தில் ஓட்டை விடுவது லாபமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குக் கிடைக்கவில்லை.

விலைக்குத் தகுந்த சரக்கு என்று பார்த்தால், இரண்டு வருஷ அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ்தான் இந்தப் பேரேட்டின் சிறந்த வரி. கலிபோர்னியாவில் 116 இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். 2012 கோடையிலிருந்து இந்த விலை ஏறவில்லை. ஹைஸ்கூல் படித்துக்கொண்டே அங்கே ஒரு பாடம் எடுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த 46-ம் கிடையாது. பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடத்தை ஒரு வருஷ ஹைஸ்கூல் பாடமாகக் கணக்கில் வைக்கிறது. ஆக செமஸ்டருக்கு ஒரு படி. பத்தில் அல்ஜிப்ரா 2-ஐயும் சேர்த்து முடித்துவிட்டு, பதினொன்றில் முதல் செமஸ்டர் பிரீகால்குலஸ், இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ் என்று போனால் பின்தங்கியிருந்த பிள்ளை, முன்னே போனவனைத் தாண்டியே போகலாம்.

ஆனால் மணிக்கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கலிபோர்னியாவில் ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்ந்து ஏறக்குறைய 54 மணி. 4 யூனிட் பாடத்துக்கு 216 மணி. வகுப்பில் 72, வீட்டில் 144. 18 வாரத்துக்கு வாரம் 12 மணி. ஹைஸ்கூல் வேகத்தைப்போல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே பாடத்தை 6 வாரக் கோடையில் எடுத்தால் வாரம் 36 மணி. அது ஒரு முழுநேர வேலை. பதினைந்து வயதுப் பிள்ளை அதோடு நீச்சலும் பரதநாட்டியமும் ஊருக்குப் போகிற மூன்று வாரமும் என்று திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும். கிரேடும் விளையாட்டில்லை. கல்லூரிப் பதிவேட்டில் ஏறிய சி, பின்னால் எங்கே விண்ணப்பித்தாலும் கூடவே வரும். ஒரு படி மிச்சம் பிடிக்கப் போய் அந்த சி-யைச் சுமந்துகொண்டிருக்கிற இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பள்ளியில் கால்குலஸே இல்லை என்றால், கல்லூரி நிலைப் பாடத்துக்கான ஏபி (AP) தேர்வை வகுப்பு இல்லாமலும் எழுதலாம். 2025 மே தேர்வுக்கு அமெரிக்காவில் கட்டணம் 99 டாலர். வருமானம் குறைந்த வீடுகளுக்குச் சலுகை உண்டு. இந்த மூன்றே கால் மணி நேரத் தேர்வை நடத்தும் பள்ளியைத் தேடிப்பிடித்து இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். தனியார் ஆன்லைன் பாடங்களும் உண்டு. செலவு சில நூறிலிருந்து ஆயிரம் டாலருக்கு மேலும் போகும். மேலே சொன்ன எதுவும் கிடைக்காதபோது மட்டும் அங்கே போகலாம்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஹைமே எஸ்கலான்டேவின் நினைவு வராமல் இருப்பதில்லை. பொலிவியாவிலிருந்து வந்த கணக்கு வாத்தியார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில், ஏழை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏபி கால்குலஸ் தேர்வில் தேறினார்கள். 14 பேர் விடைத்தாள் மேல் தேர்வு நிறுவனம் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். திரைப்படம் வந்ததால் இந்த எண்கள் பலருக்குத் தெரியும். அவர் அந்த ஒரு படியை எங்கிருந்து வாங்கினார் என்பது அவ்வளவு பேசப்படவில்லை: கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள். கம்யூனிட்டி காலேஜும் கோடையும், நான் நோட்டில் எழுதுகிற அதே இரண்டு வரிகள். பல வருஷம் அந்த வகுப்புகளைக் கட்டி எழுப்பினார்கள். ஒரே கோடையில் எல்லாம் நடந்துவிட்டதைப் போலத் திரைப்படம் காட்டும். நடந்தது அப்படி இல்லை.

அப்படியும் கால்குலஸ் எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினியரிங் போய்விட்டதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தகுதிக்குக் கேட்பது 3 வருஷக் கணக்கு. 4 இருந்தால் நல்லது என்கிறது. பெரும்பாலான எஞ்சினியரிங் கல்லூரிகளின் நான்காண்டுத் திட்டத்தில் முதல் பருவத்தில் இருப்பதே கால்குலஸ் 1. பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏபெட் அமைப்பு கணக்கிலும் அடிப்படை அறிவியலிலும் சேர்த்து குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட்டும், எஞ்சினியரிங் பாடங்களில் 45-ம் கேட்கிறது. இந்த 30-இல் கால்குலஸ் 1 பிடிப்பது பொதுவாக 4. ஹைஸ்கூலில் அது இல்லாமல் வருகிற பிள்ளை அந்த நான்கைக் கல்லூரியில் எடுக்கும், பட்டம் தள்ளிப்போகாது. பிரீகால்குலஸும் இல்லாமல் வந்தால்தான் சங்கிலி ஒரு பருவம் நகரும். கால்குலஸ் நகர்ந்தால் பிசிக்ஸ் நகரும், பிசிக்ஸ் நகர்ந்தால் ஸ்டாட்டிக்ஸ். ஆகவே நான் பெற்றோரிடம் கறாராகச் சொல்வது, பிரீகால்குலஸை எப்பாடு பட்டாவது நல்ல கிரேடில் முடியுங்கள் என்றுதான்.

கால்குலஸ் தேவைப்படுவது போட்டிக்கு. இடம் குறைந்த கல்லூரிகளில் பக்கத்து விண்ணப்பத்தில் அது இருக்கும். சிறியதும் கடினமானதுமான ஹார்வி மட் கல்லூரி ஒரு வருஷக் கால்குலஸை வெளிப்படையாகவே கேட்கும். கால்டெக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் கால்டெக் விதியைத் தளர்த்தியது: பள்ளியில் கால்குலஸோ பிசிக்ஸோ கெமிஸ்ட்ரியோ கிடைக்காத பிள்ளை, கான் அகாடமியில் இலவசமாகப் படித்து, சான்றுத் தேர்வில் 90 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக் காட்டலாம்; அல்லது ஏபி தேர்வில் 5 எடுக்கலாம். உலகத்திலேயே கடினமான நுழைவுகளில் ஒன்று, பள்ளியின் குறையைப் பிள்ளையின் குறையாக எண்ணக் கூடாது என்று ஒத்துக்கொண்டது. அந்தச் செய்தியை நான் அச்செடுத்து நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வது இன்னொரு பாதை. நம்மூர் டிப்ளமோ வழியின் ஒன்றுவிட்ட அண்ணன். இது 1960-இல் கலிபோர்னியா போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இருக்கிறது. முதலாண்டில் நேராகச் சேரும் 2 பேருக்கு, இப்படி மாறி வரும் மாணவர் 1 என்ற விகிதம் பல்கலைக்கழகத்தின் இலக்கு. செலவைப் பாருங்கள்:

கம்யூனிட்டி காலேஜ், 60 யூனிட் × 46 டாலர் = 2,760 டாலர்.
கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மாநிலவாசிக்குக் கட்டணம் ஏறக்குறைய ஆண்டுக்கு 15,000. இரண்டு வருஷத்துக்கு 30,000.

வித்தியாசம் 27,000 டாலர், தங்கும் செலவைச் சேர்க்காமல். முதன்முறையாக முழுநேரம் சேர்பவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்த 2,760-ஐயும் இரண்டு வருஷத்துக்குத் தள்ளுபடி செய்கின்றன. இந்தப் பாதையைச் சொன்னால் நம்மவர்கள் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அந்தக் கல்லூரியின் பெயர் தெரியாதே என்ற சங்கடம். 27,000 டாலருக்கு அந்தச் சங்கடத்தை வாங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் இங்கேயும் அதே கழித்தல் காத்திருக்கிறது. இப்படி மூன்றாம் ஆண்டில் மாறிச் சேர கால்குலஸ் 1, 2, 3, பிறகு லீனியர் அல்ஜிப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ் என்று வேண்டும். இருப்பது 4 செமஸ்டர். கால்குலஸ் 1-இல் தொடங்கினால் கடைசி இரண்டில் ஒன்றைச் சேர்த்து எடுத்து முடிக்கலாம். பிரீகால்குலஸில் தொடங்கினால் மறுபடி ஒரு படி துருத்தும். முன்பெல்லாம் கல்லூரிகள் இன்னும் கீழே, சில சமயம் இரண்டு மூன்று படி கீழே கொண்டுபோய் உட்கார வைத்தன. அங்கிருந்து மேலே ஏறி வந்தவர்கள் குறைவு. 2017-இல் வந்த ஏபி (AB) 705, 2022-இல் வந்த ஏபி 1705 என்ற இரண்டு மாநிலச் சட்டங்கள் அதைத் திருப்பின. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அறிவியல், எஞ்சினியரிங் மாணவர்களைப் பொதுவாக நேரே கால்குலஸில் வைக்க வேண்டும். தயாரிப்பு குறைந்தவர்களுக்கு ஒரு செமஸ்டர் முன்பாடம் வைக்கலாமென்று பின்னர் வழிகாட்டினார்கள். கணக்கு ஆசிரியர்கள் இதைக் கடுமையாக விவாதிக்கிறார்கள். இரு பக்கமும் பிள்ளைகளை நினைத்தே பேசுவதாக எனக்குப் படுகிறது.

நோட்டில் இப்போது கடைசியாக எழுதியிருக்கும் பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பையனுடையது. அம்மா ஓர் உணவகத்தில் மாலை வேலை, வீட்டில் கார் ஒன்றுதான். பையனின் கணக்கு உறுதி. கிரேடில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரீகால்குலஸை அடுத்த பருவம் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம், கட்டணம் 0. எல்லாப் பத்தியும் நிரம்பிய பிறகு அம்மா கேட்டார்: "போய் வர பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்ண்ணா?" இரண்டு பஸ் மாற வேண்டும். போக 70 நிமிடம், வர 70. வாரம் இரண்டு நாள், 18 வாரம்: 5,040 நிமிடம், 84 மணி நேரம். வகுப்பு 72 மணி. பாடம் கேட்கிற நேரத்தைவிட பஸ்ஸில் கழிக்கிற நேரம் 12 மணி அதிகம். இத்தனை வருஷம் நான் அந்தப் பத்தியைப் போட்டதே இல்லை. கார் இருக்கிற வீடுகளுக்கு அது தேவைப்படவில்லை.

2016-இல் அமலுக்கு வந்த ஏபி 288 சட்டத்தின் கீழ், கம்யூனிட்டி காலேஜும் கல்வி மாவட்டமும் ஒப்பந்தம் போட்டால் கல்லூரிப் பாடத்தை ஹைஸ்கூல் வளாகத்திலேயே நடத்தலாம். பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, புத்தகச் செலவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கவுன்சிலரிடம் பையனோடு போய்க் கேட்டோம். 20 பேர் சேர்ந்தால் கல்லூரியிடம் பேசுகிறேன் என்றார். போன சனிக்கிழமை வரை 11 பெயர் சேர்ந்திருக்கிறது.